மவுண்ட் கேம்பியர் பள்ளத்துத் தோட்டம்: வயதான அம்மாவோடு போகலாமா?

தேங்காய்த்திட்டுக்காரன் | புதுச்சேரி

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பரில் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவில் உள்ள அடிலெய்டு போகிறோம். மகன் அங்கேதான் வேலையில் இருக்கிறான். மவுண்ட் கேம்பியர் என்ற ஊருக்குக் கூட்டிப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அங்கே அம்ஃபர்ஸ்டன் சிங்க்ஹோல் என்று ஓர் இடம். தரை தானாக உள்வாங்கி விழுந்த பெரிய பள்ளம், அதற்குள் பூந்தோட்டம். வீடியோ பார்த்தேன், அள்ளுகிறது. ஆனால் அடிலெய்டிலிருந்து ஏறக்குறைய 430 கிலோமீட்டர். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி வேறு. ஒரு பள்ளத்துக்காக அவரை அவ்வளவு நேரம் காரில் உட்காரவைப்பது சரியா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

வீட்டுக்காரிக்கு இன்னொரு பயம். ஒருமுறை விழுந்த தரை மறுபடியும் விழாது என்று என்ன நிச்சயம் என்கிறாள்.

நெல்லித்தோப்பு நக்கல்

பள்ளம் பார்க்க பாஸ்போர்ட் எதற்கு அண்ணே? ஐப்பசி மழை விட்டதும் எங்கள் தெருவுக்கு வாருங்கள். பூச்செடி வைப்பதுதான் பாக்கி.

லாஸ்பேட்டை லதா | இப்போது மெல்போர்ன்

தாராளமாகப் போங்கள் சார். ஆனால் ஒரே நாளில் போய்த் திரும்பும் திட்டம் வேண்டாம். மாலை மங்கினால் அந்தச் சாலைகளில் கங்காரு குறுக்கே பாயும். உள்ளூர்க்காரர்களே இரவில் வண்டி எடுக்க யோசிப்பார்கள். அங்கேயே ஓர் இரவு தங்கிவிடுங்கள். தங்கினால்தான் அந்த இடத்தின் நல்ல நேரமும் உங்களுக்குக் கிடைக்கும், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. பக்கத்தில் மர அறுப்பு ஆலை. காரை விட்டு இறங்கினால் அறுத்த பைன் மர வாசனைதான் முதலில் வரும். எதிரே சமதரை, புல், கொஞ்சம் மரம். இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று தோன்றும். கம்பி வேலிக்குப் பக்கத்தில் போகும்வரை ஒன்றுமே தெரியாது. எட்டிப் பார்த்தால் காலடியில் தோட்டம் கிடக்கும். கட்டணம் கிடையாது.

சுவர் வெள்ளை வெளேரென்ற சுண்ணாம்புப் பாறை. விளிம்பிலிருந்து ஐவி கொடிகள் திரைச்சீலை மாதிரி பல ஆள் உயரத்துக்குத் தொங்குகின்றன. அந்தத் திரைக்கும் பாறைக்கும் நடுவில் நடந்து போகலாம். வெயில் நாளிலும் அங்கே நிழலும் ஈரமும்தான். பாறையைத் தொட்டால் விரலில் மாவு ஒட்டும். கண்ணைக் கிட்டே கொண்டுபோனால் பாறை முழுக்கப் பொடிப் பொடியாகக் கடல் உயிரிகளின் ஓடு. என் பையன் நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தான், கையில் ஒரு தட்டு தட்டி இழுத்து வந்தேன். எல்லோரும் அப்படிச் சுரண்டினால் சுவர் என்னத்துக்கு ஆகும்?

நடுவில் புல்தரை, அதைச் சுற்றிப் பாத்தி, அடுக்கடுக்காக மேலே ஏறும் பாதை. ஹைட்ரேஞ்சியா கொத்துக் கொத்தாக. ஊட்டியில் பார்த்திருப்பீர்கள், அதே பூதான். டிசம்பர் அங்கே கோடை, பூக்கும் பருவம்.

அம்மா விஷயம்: கீழே போகப் படி உண்டு. இறங்குவது பெரிதில்லை, ஏறுவதுதான் பாடு. மேலே பார்வை மேடை இருக்கிறது, அங்கே நின்றாலே முக்கால்வாசி தெரிந்துவிடும். இறங்கினால் அவசரப்படுத்தாதீர்கள், வழியில் உட்கார்ந்து ஏறலாம்.

இப்போது அந்த நல்ல நேரம். பொழுது சாயும்போது வாருங்கள். விளக்கு போடுவார்கள். சுவர்ப் பொந்துகளிலிருந்து போசம் இறங்கும். பூனை அளவு, புசுபுசு வால், பெரிய கண். நாங்கள் பார்த்தபோது ஒன்று குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு தலைகீழாகச் சுவரில் இறங்கி வந்தது. பக்கத்தில் நின்ற உள்ளூர்க் கிழவர் நீட்டிய ஆப்பிள் துண்டை இரண்டு முன்னங்கையாலும் வாங்கி, அங்கேயே உட்கார்ந்து, எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் தின்றது. நீங்கள் எதையும் கொடுப்பதற்கு முன் அங்குள்ள அறிவிப்புப் பலகையைப் படித்துவிடுங்கள். பிஸ்கட், சிப்ஸ் மட்டும் எந்தக் காலத்திலும் வேண்டாம்.

ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். கோடையானாலும் அந்த ஊர் ராத்திரி குளிரும்.

கேப்பர்மலை வாத்தியார் | கடலூர்

உங்கள் வீட்டுக்காரம்மா கேட்டதுதான் இந்த இழையில் முதல் தரமான கேள்வி. நான் பள்ளியில் புவியியல் எடுத்தவன், அந்த ஊருக்குப் போனதில்லை. ஆனால் அந்த ஊர்ப் பாறையைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன்.

அது ஒரு காலத்தில் கடலடி. மூன்று கோடி ஆண்டுகள், அதற்கு முன்பின்னாக, கடல் உயிரிகளின் ஓடுகள் படிந்து படிந்து இறுகியதுதான் கேம்பியர் சுண்ணாம்புப் பாறை. ரம்பம் போட்டு அறுக்கும் அளவுக்கு மென்மை. அந்த ஊர்ப் பழைய வீடுகளையும் கட்டடங்களையும் இந்த வெள்ளைக் கல்லில்தான் கட்டியிருக்கிறார்கள்.

மழைத்தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. நம் சோடாவில் இருப்பதும் அதே அமிலம்தான். விரிசல் வழியே இறங்கிச் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துப் போகிறது. பல்லாயிரம் ஆண்டு கரைத்தால் உள்ளே குகை. குகையில் தண்ணீர் நிரம்பி நிற்கும்வரை கூரைக்குக் கீழிருந்து ஒரு தாங்கல் உண்டு. நிலத்தடி நீர் இறங்கினால் அந்தத் தாங்கல் போய்விடும். கூரையும் கரைந்து மெலிந்துபோயிருக்கும். ஒருநாள் பொத்தென்று உள்ளே விழும்.

ஆக, அங்கே விழ வேண்டிய கூரை ஏற்கெனவே விழுந்துவிட்டது. நீங்கள் நிற்கப்போவது விழுந்த குவியலின் மேல். தலைக்கு மேல் வானம்தான். கவனம் வேண்டியது விளிம்பில் மட்டும். அதற்குத்தான் கம்பி போட்டிருக்கிறார்கள். படம் எடுக்கிறேன் என்று யாரும் அதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்தின் கதையும் சுவையானது. ஜேம்ஸ் அம்ஃபர்ஸ்டன் என்பவர் அந்த நிலத்துக்காரர், நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். 1880களில் பள்ளத்துக்குள் செடி வைத்து, சுவரை ஒட்டி வழி வெட்டி, ஊர் ஜனங்களுக்குத் திறந்துவிட்டார். அப்போது அடியில் ஏரி இருந்தது, படகு விட்டார்கள்! அவர் 1900ல் இறந்த பிறகு கவனிப்பார் இல்லை, காடு மண்டியது. 1970களில் பக்கத்து மர ஆலை ஊழியர்கள்தான் சுத்தம் செய்து மீட்டார்கள். அதற்குள் நிலத்தடி நீர் இறங்கி ஏரி வற்றிவிட்டது. இன்றைக்கு அடியில் தெரியும் புல்தரை, தண்ணீர் விட்டுப்போன இடம்.

அந்த ஊருக்கு ஆறு கிடையாது. பெய்வதெல்லாம் பாறைக்குள் இறங்கிவிடும். தெருவில் ஓடும் மழைநீரையும் துளை போட்டுக் கீழேதான் விடுகிறார்கள். பிறகு குடிதண்ணீரை அங்குள்ள நீல ஏரியிலிருந்து எடுக்கிறார்கள். அந்த ஏரிக்கு நீர் வருவதும் நிலத்தடியிலிருந்துதான். எந்தப் பள்ளத்தைப் பார்த்தாலும் நான் பிள்ளைகளிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதில் விழுகிற தண்ணீர் எங்கே போகிறது? அதைச் சொல்லிவிட்டால் பள்ளத்தின் ஜாதகத்தையே சொல்லிவிடலாம்.

லாஸ்பேட்டை லதா

வாத்தியார் சார், நன்றி. நீல ஏரியைச் சொன்னதும் ஞாபகம் வந்தது. தேங்காய்த்திட்டு சார், நீங்கள் போகும் மாதம் அதற்குச் சரியான மாதம். குளிர்காலத்தில் சாம்பல் நிறமாகக் கிடக்கும் ஏரி நவம்பர்வாக்கில் பளிச்சென்று நீலமாகிவிடும். மேல்தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்த சுண்ணாம்பு நுண்ணிய துகள்களாகப் பிரிந்து, நீல ஒளியைச் சிதறடிப்பதால் என்கிறார்கள். அது எரிமலை வாய், சுற்றிவரச் சாலை உண்டு, காரிலேயே பார்க்கலாம். அம்மாவுக்கு வலியில்லை.

ஊர் நடுவிலேயே இன்னொரு சிங்க்ஹோல் இருக்கிறது, கேவ் கார்டன். சுற்றிலும் ரோஜா. முதலில் குடியேறிய வெள்ளைக்காரர்கள் அதிலிருந்துதான் தண்ணீர் எடுத்தார்களாம். மழை பெய்தால் ஊர்த்தண்ணீர் அருவியாக அதற்குள் விழும்.

அங்குள்ள பூர்வகுடிகளிடம் ஒரு கதை உண்டு. க்ரெய்ட்புல் என்ற ராட்சதன் குடும்பத்தோடு ஊர் ஊராகத் தங்கி, சமைக்க மண்ணில் அடுப்பு வெட்டினான். மவுண்ட் கேம்பியரில் வெட்டியபோது அடியிலிருந்து தண்ணீர் ஊறி நெருப்பை அணைத்துவிட்டது. இடம் மாற்றி மாற்றி வெட்டியும் அதே கதி. அந்தக் குழிகள்தான் ஏரிகள். எரிமலையும் நிலத்தடி நீரும் ஒரே கதையில் வந்துவிட்டன பாருங்கள். அம்ஃபர்ஸ்டன் பள்ளத்துக்கும் இப்போது பலும்புல் என்ற அவர்களுடைய பெயரைச் சேர்த்தே எழுதுகிறார்கள்.

பண்ருட்டி பலா

சார், எனக்கொரு சந்தேகம். எங்கள் முந்திரிக் கொல்லையைச் சுற்றி ஆளாளுக்கு போர் போட்டுத் தண்ணீர் உறிஞ்சுகிறோம். தண்ணீர் இறங்கினால் கூரை விழும் என்றீர்களே, எங்கள் கொல்லையும் ஒருநாள் உள்ளே போய்விடுமா? ராத்திரி தூக்கம் வரவில்லை.

கேப்பர்மலை வாத்தியார்

நன்றாகத் தூங்குங்கள் தம்பி. உங்கள் கொல்லைக்கு அடியில் இருப்பது மணற்பாறை. கேப்பர் மலையிலிருந்து பண்ருட்டி, நெய்வேலி வரைக்கும், வடக்கே திருவக்கரைப் பக்கமும் பரவிக் கிடக்கும் அந்தச் செந்நிறப் பாறைக்கு உலகம் முழுக்கப் புவியியல் புத்தகங்களில் நம் ஊர்ப் பெயர்தான், கடலூர் மணற்பாறை. மணல் அந்த லேசான அமிலத்துக்குக் கரையாது. கரையாத இடத்தில் குகை ஏது, விழக் கூரை ஏது? நீங்கள் உறிஞ்சுவதால் வரும் கேடு வேறு: கிணறு வற்றும், கடலோரம் உப்பு ஏறும். அதற்கு வேண்டுமானால் தூக்கம் கெடலாம்.

செய்தியில் சாலை உள்வாங்கியது என்று வருவது இந்தக் கணக்கில் சேராது. 2017 ஏப்ரலில் சென்னை அண்ணா சாலையில் பேருந்தும் காரும் இறங்கினவே, அது மெட்ரோ சுரங்கம் தோண்டியபோது நடந்தது. ஊர்த் தெருக்களில் விழுவது பெரும்பாலும் உடைந்த குழாய் மண்ணை அரித்ததால்.

சுண்ணாம்புப் பாறையே நம் பக்கம் இல்லையா என்றால், உண்டு. புதுவைக்கு வடமேற்கே சேதராப்பட்டு, கரசூர், வழுதாவூர் வட்டாரத்தில். சுமார் 7 கோடி ஆண்டுக்கு முந்தைய கடல். 1840களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் அங்கே கல்லாகிப்போன சங்கும் அம்மோனைட்டும் (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடல் உயிரி) பொறுக்கி லண்டனுக்கு அனுப்ப, எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கையாளர் 1846ல் அவற்றை விவரித்து எழுதினார். ஆனால் அங்கே பாறை மெல்லிய படுகை, இடையிடையே களியும் மணலும். பெரிய குகை விழுமளவுக்கு கனம் கிடையாது.

செம்மண்காடு | ஆரோவில் பக்கம்

எனக்கு இந்த வெளிநாட்டு மோகம் பிடிக்கவில்லை. ஆரோவில் பக்கம் செம்மண் கேன்யன் இருக்கிறது. ஓடை அறுத்த செங்குத்துச் சுவர், மாலை வெயிலில் ரத்தச் சிவப்பு. அதற்குள் இறங்கி நடந்தால் இதைவிட அழகு. போட்டோகிராஃபர்கள் கல்யாண ஜோடிகளைக் கூட்டிவந்து குவிக்கிறார்கள். அதைச் சரியாகத் தோட்டமாக்கினால் மவுண்ட் கேம்பியர்க்காரன் இங்கே வருவான்.

அது முடியாவிட்டால் செம்மண் குவாரிகள். சுற்று வட்டாரத்தில் தோண்டிப் போட்ட பள்ளங்கள் குப்பை கொட்டும் இடமாகக் கிடக்கின்றன. கனடாவில் விக்டோரியாவுக்குப் பக்கத்தில் புச்சார்ட் தோட்டம் என்று இருக்கிறதே, அது என்ன? சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் எடுத்துத் தீர்ந்த குவாரி. ஆலைக்காரர் மனைவி ஜென்னி புச்சார்ட் குதிரை வண்டியில் மேல்மண் கொண்டுவந்து கொட்டி, 1921ல் முடித்தார். சுவரில் ஐவி வைக்க, கயிற்றில் பலகை கட்டித் தொங்கிக்கொண்டே இண்டு இடுக்கில் செடி சொருகினாராம். ஒரு பெண்மணியால் முடிந்தது ஓர் அரசாங்கத்தால் முடியாதா?

முதுநகர் மீனா | கடலூர்

தம்பி, ஆர்வம் புரிகிறது. ஆனால் குவாரிக் குட்டை என்றாலே எனக்கு வயிறு கலங்கும். கோடை விடுமுறையில் குளிக்கப் போய்ச் செத்த பிள்ளைகளின் செய்தி வராத வருஷம் உண்டா? சரிவு கிடையாது, ஓரடி தள்ளி வைத்தால் ஆழம். முதலில் வேலி போடச் சொல்லுங்கள், தோட்டம் அப்புறம்.

இன்னொன்று, யார் தண்ணீர் ஊற்றுவது? எங்கள் பக்கத்தில் ஒரு பூங்கா திறந்தார்கள். அடுத்த மழைக்குள் ஊஞ்சல் சங்கிலி மட்டும் தொங்கியது, பலகை போன இடம் தெரியவில்லை. திறப்பு விழாவுக்கு வருகிற கூட்டம் களை பிடுங்க வருமா?

நெல்லித்தோப்பு நக்கல்

அக்கா, கல்வெட்டு மட்டும் பத்திரமாக இருக்குமே. அதற்கு யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

செம்மண்காடு

இப்படித்தான் நம்மாள் எதையும் ஆரம்பத்திலேயே மூடிவிடுவான்.

நெறியாளர்

இழை கேள்வி கேட்டவரை விட்டு விலகுகிறது. இருந்தாலும் பேச்சு உருப்படியாகப் போவதால் விடுகிறேன். தனிப்பட்ட சீண்டல் வேண்டாம்.

கேப்பர்மலை வாத்தியார்

சண்டை போடுவதற்கு முன்னால் அதே கேள்வியைக் கேட்டுவிடுவோம். தண்ணீர் எங்கே போகும்?

மவுண்ட் கேம்பியரில் ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர், குளிர்காலத்தில் தூறித் தூறிப் பெய்வது. பள்ளத்து அடிப்பாறை குடித்துக்கொள்ளும். புதுவையில் சுமார் 1300, அதிலும் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். 2015 நவம்பர் வெள்ளத்தைக் கடலூர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. செம்மண் குவாரியில் சரளை எடுத்து முடிக்கும் இடத்தில் பல சமயம் களி நிற்கும். களி தண்ணீரைக் குடிக்காது. நீங்கள் ஆடியில் நட்ட ரோஜா கார்த்திகையில் தண்ணீருக்கு அடியில் இருக்கும்.

நம் மண்ணில் வெட்டிய பள்ளம் காய்ந்து நிற்க வேண்டுமானால் என்ன விலை என்று பார்க்க நெய்வேலி போங்கள். பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது. இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கம் சுரங்கமாக இருக்கும்.

புச்சார்ட் தோட்டத்தைத் தம்பி சொன்னது நல்ல உதாரணம், ஆனால் பாதிதான் சொன்னார். அந்த அம்மா குவாரி முழுவதையும் பாத்தி போடவில்லை. ஆழமான பக்கத்தைத் தண்ணீருக்கு விட்டுவிட்டார்கள், 1964ல் அதில்தான் ராஸ் நீரூற்று வைத்தார்கள். தண்ணீரோடு மல்லுக்கட்டாமல் அதற்கு ஒரு பங்கு எழுதி வைத்துவிட்டு மீதியில் செடி வைத்தார்கள்.

கேன்யன் வேறு ரகம். சிங்க்ஹோலில் தண்ணீர் கீழே இறங்கிப் பறிக்கிறது. கேன்யனில் மேலே ஓடி அறுக்கிறது. மரம் போன மேட்டில் மழை விழுந்து, செம்மண்ணை அள்ளிக்கொண்டு கடலுக்குப் போன தடம் அது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது புண். சுவர் இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது. மழை பெய்த மறுநாள் அதன் அடியில் நின்று படம் எடுக்காதீர்கள். மவுண்ட் கேம்பியர் விழுந்து முடித்த இடம், இது முடியாத இடம்.

லாஸ்பேட்டை லதா

சார், நீங்கள் சொல்லச் சொல்ல எனக்கு ஆயி கதைதான் நினைவுக்கு வருகிறது. ஆயியின் மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கிருஷ்ணதேவராயர் கும்பிட்டுவிட்டு, தாசி வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னாராம். அவள் தானே இடித்துவிட்டு அந்த இடத்தில் குளம் வெட்டினாள் என்பார்கள். முத்திரப்பாளையத்துத் தண்ணீர் பிறகு புதுவை நகரத்துக்கே வந்தது. பாரதி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபம் அதற்காகத்தான். நம் ஊரில் பள்ளம் என்றால் கடைசியில் குளமாகத்தான் முடியும் போலிருக்கிறது.

செம்மண்காடு

வாத்தியார் சொல்வதில் ஒன்றை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆரோவில்காரர்கள் 1968க்குப் பிறகு அந்த வெட்டவெளியில் முதலில் செய்த வேலைகளில் ஒன்று வரப்பு கட்டியதுதான். மழைத்தண்ணீரை அந்தந்த வயலிலேயே நிறுத்தினார்கள். ஓடைகளுக்குக் குறுக்கே சிறிய அணை போட்டு, அதில் தேங்கிய மண்ணில் மரம் வைத்தார்கள். இன்றைக்குச் சில ஓடைகளில் இறங்கினால் சுவர் தெரியாது, மரமும் கொடியும்தான். தலைக்கு மேல் கிளை கோத்துக்கொண்டு உள்ளே இருட்டாக இருக்கும். காலடியில் சருகு, அதற்குக் கீழே கருத்த மண். செம்மண் பூமியில் கருத்த மண்ணைப் பார்ப்பதே அதிசயம்.

அதனால் என் திட்டத்தை இப்படி வைத்துக்கொள்ளலாம். குவாரியின் ஆழமான பக்கம் தண்ணீருக்கு. செங்குத்துச் சுவரைச் சரிவாக வெட்டி மூன்று நான்கு படியாக்க வேண்டும், மீனா அக்கா பயப்படுவதும் அதோடு தீரும். படிகளில் ரோஜா, ஹைட்ரேஞ்சியா எதுவும் வேண்டாம். புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டில் இருப்பதையெல்லாம் வையுங்கள்: வீரை, காசான், வெப்பாலை, களா, காரை. மேல் விளிம்பில் பனை. ஐவிக்குப் பதில் அந்தக் காட்டுக் கொடிகளே தொங்கும். முதல் இரண்டு மூன்று கோடைக்குத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும், அப்புறம் தானே பிழைத்துக்கொள்ளும்.

முதுநகர் மீனா

இது சரி. படி வெட்டி, களா வைத்தால் நான் முதல் ஆளாக வருகிறேன். ஊறுகாய்க்குக் களாக்காய் இப்போதெல்லாம் சந்தைக்கே வருவதில்லை.

பண்ருட்டி பலா

படியில் ஒரு பலாவும் வையுங்கள் அண்ணே. ஆனால் தண்ணீர் நிற்கும் படியில் வேண்டாம், வேர் அழுகிவிடும். மேல் படியில்.

நெல்லித்தோப்பு நக்கல்

பழம் பழுக்கும்போது இழையில் தகவல் சொல்லுங்கள்.

தேங்காய்த்திட்டுக்காரன்

எல்லோருக்கும் நன்றி. போய் வந்தாகிவிட்டது. லதா மேடம் சொன்னபடி ஓர் இரவு அங்கேயே தங்கினோம்.

அம்மா முதலில் மேலேயே உட்காருகிறேன் என்றார். கம்பியைப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் யாரையும் கேட்காமல் படியில் கால் வைத்துவிட்டார். மகன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கீழே போய்ச் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "எங்கப்பா வெட்டின கிணத்துல பூச்செடி வெச்ச மாதிரி இருக்குடா" என்றார். அதற்குமேல் அந்த இடத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இருட்டும்வரை எழுந்திருக்கவும் இல்லை.

போசம் வந்தது. ஒன்றிரண்டு இல்லை, சுவர் முழுக்க. மனைவிதான் அதிகம் ரசித்தாள். தரை விழும் என்று பயந்தவள் ஐவிக்குப் பின்னால் போய் நின்று படம் எடுக்கச் சொன்னாள். கீழே அடுப்பு மேடையில் ஒரு குடும்பம் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தது. எங்களையும் கூப்பிட்டார்கள், நாங்கள் கொண்டுபோன புளியோதரையைப் பங்கு வைத்தோம். ஏறும்போது அம்மாவுக்கு நேரம் பிடித்தது. நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினார். மறுநாள் காலில் வீக்கம் இருந்தது. முழங்கால் வலிக்காரர்களை அழைத்துப் போகிறவர்கள் அடுத்த நாளில் பெரிய பயணம் எதையும் வைக்காதீர்கள். நாங்கள் மறுநாளே அடிலெய்டு திரும்பியது அவருக்குச் சிரமம்தான்.

நீல ஏரி நிஜமாகவே அந்த நிறம். மகன் போனில் வடிகட்டி போட்டு எடுத்தான் என்று இங்கே சொந்தக்காரர்கள் நம்பவில்லை.

வாத்தியார் சார், படகு விட்ட கதையை அங்கே பலகையிலும் எழுதியிருக்கிறார்கள். அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். ஊருக்கு வந்ததிலிருந்து, நீங்கள் பேச்சுவாக்கில் குறிப்பிட்ட திருவக்கரையில் கல்லான மரம் இருக்கிறதாமே, பார்க்க வேண்டும் என்கிறார். அது எப்படி, படி ஏற வேண்டுமா?

கேப்பர்மலை வாத்தியார்

படி கிடையாது, சமதரை. நம் கடலூர் மணற்பாறை வகைதான் அங்கேயும். சுமார் 2 கோடி ஆண்டுக்கு முன்னால் ஆற்று வெள்ளம் அடித்து வந்த மரங்கள் மணலில் புதைந்து, மரச்சத்து இருந்த இடத்தில் சிலிக்கா புகுந்து கல்லாகிவிட்டன. ஆண்டு வளையமும் கணுவும் அப்படியே தெரியும். விரலால் தட்டினால்தான் கல் என்று நம்புவீர்கள். 1781ல் சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கையாளர் எழுதிவைத்தது முதல் குறிப்பு. இப்போது இந்திய புவியியல் ஆய்வுத் துறையின் பராமரிப்பில் பூங்காவாக இருக்கிறது. ஒரு சில்லுகூடப் பையில் போட்டுக்கொண்டு வரக் கூடாது, பேரப்பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

நிழல் குறைவு. காலையிலேயே போய்விடுங்கள், தண்ணீரும் குடையும் எடுத்துக்கொள்ளுங்கள். வக்ரகாளியம்மன் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது, அம்மா அங்கேயும் கும்பிட்டு வரலாம். பௌர்ணமி அன்று மட்டும் வேண்டாம், ஜோதி தரிசனத்துக்குக் கூட்டம் நெரியும், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

தேங்காய்த்திட்டுக்காரன்

சரி சார். தை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்புகிறோம். வில்லியனூர் வழியா, திண்டிவனம் சாலை வழியா, எது நல்ல ரோடு?

பண்ருட்டி பலா

நாங்களும் வருகிறோம் சார், வண்டியில் இடம் இருக்கிறது. எந்த ஞாயிறு என்று மட்டும் போடுங்கள். ரோடு அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.